நூற்றிருபத்தேழு பற்கள்

கிண்ணியாவில் நிசாம்தீனின் பழைய இரும்புக் கடை.
உடைந்த சைக்கிள்களுக்கும் குளிர்பெட்டிக் கதவுகளுக்கும் அடியில்
குப்புறக் கிடந்தது லேத்.
கிலோ என்ன விலை என்பதற்குமேல்
அவனுக்கு அதில் ஒன்றுமில்லை.
நானூற்றிருபது கிலோ.
தராசு பொய் சொன்னதென்றே இன்றும் நினைக்கிறேன்.
அன்று கேட்கவில்லை,
ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறும்.

லான்ட்மாஸ்டரில் பாலம் கடந்தோம்,
பெட்டியில் அதன்மேல் குடையோடு நான்.
எதிரே வந்த பத்தாம் வகுப்புப் பெடியள்
சைக்கிளை நிறுத்தி வணக்கம் சொன்னார்கள்,
எனக்கா இரும்புக்கா தெரியாது.

உவர்மலை வீட்டில் அதற்கு இடம்
காருக்கென்று கட்டி
கார் வாங்காமலே போன கொட்டில்.
ஏழு பூச்சுச் சுரண்டினேன்.
பச்சை, சாம்பல், மறுபடி சாம்பல்,
யாரோ அவசரத்தில் அப்பிய வானநீலம்.
அடியில் வெள்ளைக்காரத் துறைமுகத்தின் அம்புக்குறி,
ஓர் இலக்கம்,
பக்கத்தில் ஆணியால் கீறிய சிங்கள வசையொன்று,
எந்த மேலதிகாரிக்கோ.
புதுநிறம் அடிக்கையில்
அந்த இடத்தை மட்டும் சுற்றிப்போனது தூரிகை.

இங்கே காற்றில் உப்பு.
இரவு துடைத்த இடம் விடியலில் செந்தூள்.
பல் தீட்டுமுன் எண்ணெய்த் துணியைத் தேடுகிறவள் ஆனேன்.
சோக்குத்தூளும் கிறீசும் ஒரே நகத்தில்.
சுவிட்சைப் போட்டால்
மெற்றில்டா அக்கா வீட்டு விளக்குக் கண்ணடிக்கும்.
நாடக நேரத்தில் கடையமாட்டேன் என்பது
எழுதாத ஒப்பந்தம்.

பிறகொருநாள் திருக்கடலூர்க் குகதாசன் வந்தான்,
முறிந்த மரையாணியை லேஞ்சியில் சுற்றிக்கொண்டு.
ஜப்பான் எஞ்சின். மில்லிமீற்றர் மரை.
"கொழும்பிலயிருந்து வர ரெண்டு கிழமையாம் ரீச்சர்.
மீன் ரெண்டு கிழமை நிக்குமோ?"

என் லேத்துக்கு அங்குலம் மட்டும்தான் தெரியும்.
இரண்டையும் பேசவைக்க ஒரு சக்கரம் போதும்.
ஐந்து அங்குலம், நூற்றிருபத்தேழு மில்லிமீற்றர்,
மயிரிழை பிசகாது.
ஒன்றாலும் தன்னாலுமன்றி எதாலும் வகுபடாத எண்.
வருடாவருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்,
அதற்குப் பல் வேண்டிவருமென்று நினைத்ததில்லை.

நிசாம்தீனின் பீப்பாய்களுக்குள்
முழங்கைவரை கையைவிட்டு மூன்று மணித்தியாலம்.
கிடைத்தது.
எண்ணினேன், நூற்றிருபத்தாறு.
திரும்ப எண்ணினேன்.
நிசாம்தீனும் எண்ணிப் பார்த்தான்,
காசில்லாத எண்ணிக்கை,
நூற்றிருபத்தைந்து வந்தது அவனுக்கு.
ஓரிடத்தில் பொக்கை.

பித்தளைத் துண்டை அராவிப் பல் செய்தேன்.
மூன்று பல் குப்பைக்குப் போனது.
நான்காவது உட்கார்ந்தது.

மில்லிமீற்றர் வெட்டுக்கு ஒரு சட்டம் உண்டு:
பிடித்த கவ்வியை விடக்கூடாது.
விட்டால் அடுத்த வெட்டு வேறு பள்ளத்தில் விழும்.
ஒவ்வொரு தரமும் வந்த வழியே பின்னோக்கிச் சுழன்று
தொடங்கின இடத்துக்குப் போய்
மறுபடி வரவேண்டும்.
பதினெட்டு வெட்டு. சுற்றுக்கு ஒரு "டக்",
பித்தளைப் பல் தன் முறை வந்ததென்று சொல்லும்.
குகதாசன் பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றான்.

பதினோராவதில் மின்சாரம் போனது.

சுவருக்கப்பால் குரல்: "உன்ர வேலையோ?"
"இல்லையக்கா, இது ஊர் முழுக்க."
கவ்வி பிடித்தபடியே நின்றது.
கையை எடுத்தால் ஒன்றும் ஆகாது, தெரியும்.
எடுக்கவில்லை.
மெழுகுதிரியும் பிளேன்ரீயுமாக அக்கா வந்து
முதல்முறையாக அதைக் கிட்ட நின்று பார்த்தா.
"இவ்வளவு சத்தத்துக்கு நான் பெரிசா நினைச்சன்."

ஒன்பதரைக்கு வெளிச்சம் வந்தது.
ஏழு வெட்டு மிச்சம்.
கடைசியில் சுரை விரல்நுனிக்கே ஓடியது,
சாவி தேவைப்படவில்லை.
குகதாசன் அதைக் கழற்றினான், பூட்டினான், கழற்றினான்.
காசு வேண்டாமென்றதற்கு
இரண்டாம் நாள் கதவடியில் ஒரு பாரை,
பத்திரிகையில் சுற்றி, என் கைநீளம்.
அரைவாசி அக்காவுக்கு.

வழமைபோல் விடியலில் துணியோடு போனேன்.
சக்கரத்தின் பற்களெல்லாம் செந்தூள் பூத்திருந்தன,
பித்தளையைத் தவிர.
அதையும் துடைத்தேன்.